ஐயாவின் பல்லும் சிவப்புக் கப்பலும்

என்னைப் பெற்ற ஐயாவும் என் கணவரும் ஒன்பது வருடங்களாக ஒருவரோடு ஒருவர் நேரே கதைக்காமலே இருந்தார்கள். சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். ஐயா வருடத்தில் மூன்று நான்கு தடவை கண்டாவளையிலிருந்து மோட்டார்சைக்கிளில் முல்லைத்தீவுக்கு வருவார். எங்கள் வீட்டுக் கதிரையில் சாய்ந்திருப்பார். என் கணவர் பிடித்து வந்த மீனில் தலைத்துண்டு தனக்குத்தான் என்று உரிமையோடு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். ஆனால் ஒரு சொல்லும் அவரிடம் நேரே சொல்லமாட்டார். "அந்தக் கதவு காத்துக்கு அடிக்குது, ஒரு கொளுக்கி போட்டா என்ன எண்டு அவரிட்டக் கேள்" என்பார் என்னிடம். கதவடியிலேயே நிற்கும் என் கணவர், "கொளுக்கி வாங்கி வைச்சிருக்கிறன் எண்டு மாமாட்டச் சொல்லும்" என்பார், அதையும் என்னிடம். இருவருக்கும் இடையில் மூன்று முழத் தூரம்கூட இருக்காது.

இது எப்படி வந்தது என்று சொல்கிறேன். நான் முல்லைத்தீவுக் கரையோரப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் படிப்பிக்க வந்தவள். எங்கள் வீட்டுக்கு வயல், அவர்கள் வீட்டுக்குக் கடல். நாங்கள் வைரவர் கோயில், அவர்கள் வேதக் கோயில். சாதியும் வேறு. இத்தனையையும் தெரிந்துகொண்டுதான் நான் அவரைக் கட்டினேன். ஐயா கலியாணத்துக்கு வரவில்லை. இரண்டு வருடம் வீட்டுப் படியும் மிதிக்கவில்லை. மகள் பிறந்ததும் ஒரு மூட்டை அரிசியோடு வந்து இறங்கினார். பிள்ளையைத் தூக்கினார், கொஞ்சினார், என்னோடும் கதைத்தார். மருமகனோடு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "அவர் தேத்தண்ணி குடிச்சிட்டாரோ எண்டு கேள்" என்றார். அன்று நான் கேட்டுச் சொல்லியிருக்கக்கூடாது. கேட்டுச் சொன்னேன். அதோடு அந்த உத்தியோகம் எனக்கு நிரந்தரமாகிவிட்டது.

சம்பளமில்லாத உத்தியோகம்தான். ஆனாலும் நான் அதைத் திறமையாகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஐயா, "கடலுக்குள்ள திரியிற ஆக்களுக்கு நெல்லைப் பற்றி என்ன தெரியும்?" என்று சொன்னால், "உங்களை ஒருக்கா வயலுக்கு வரட்டாம்" என்று அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர், "மாமாவுக்கு எல்லாத்திலயும் ஒரு குறை" என்று முணுமுணுத்தால், "நீங்கள் சொல்லுறது சரியாம்" என்று ஐயாவிடம் திருப்பிக் கொடுப்பேன். இரண்டு பேரும் என்னால்தான் மரியாதைக்காரராக இருந்தார்கள். ஆனால் எனக்குச் சலித்துவிட்டது. குசினியில் கறி அடிப்பிடிக்கும், விறாந்தையிலிருந்து இரண்டு பேரும் என்னைக் கூப்பிடுவார்கள். எனக்கு இருந்தது ஒரே ஓர் ஆசைதான். இந்த இரண்டு பேரும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் இல்லாமல் கதைக்க வேண்டும்.

போன ஆவணி விடுமுறைக்கு மகள் கப்பல் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கடற்கரையில் பிறந்து வளர்ந்த பிள்ளை, கப்பலைக் கண்டது தூரத்தில் தீப்பெட்டி அளவில்தான். என் கணவர் திருகோணமலைத் துறைமுகத்துக்கு எங்கள் போட்டிலேயே போய்வரலாம் என்றார். அந்த நேரம் பார்த்து ஐயா வந்திருந்தார். ஐயாவுக்குக் கோணேசரைக் கும்பிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஆனால் பஸ் ஆகாது. பரந்தனில் ஏறினால் மாங்குளம் போவதற்குள் குடலைப் புரட்டிச் சத்தி எடுத்து, பாதி வழியில் இறங்கி, திரும்பி வந்துவிடுவார். கடலில் வளைவும் திருப்பமும் இல்லையே என்று யோசித்திருக்க வேண்டும். "எனக்கும் இடமிருக்குமோ எண்டு கேள்" என்றார்.

என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "இடமிருக்கு எண்டு சொல்லும்" என்றார். ஒன்பது வருடத்தில் ஐயா அந்த மனுசனிடம் கேட்ட முதல் உதவி அது.

அம்மா மாடு கன்றை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றுவிட்டார். "ஐயாவைக் கவனமாப் பார்" என்று போனில் ஏழு தடவை சொன்னார். கடற்படை முகாமில் எல்லோருடைய பெயரையும் பதிந்துவிட்டு, விடிகிற நேரம் போட்டைத் தள்ளினோம். என் கணவர் இஞ்சினை இழுப்பதற்கு முன் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டார். ஐயா மடியிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து, தனக்குப் பூசி, பேத்திக்குப் பூசி, பிறகு எட்டி இஞ்சின் மூடிக்கும் மூன்று விரலால் இழுத்துவிட்டார்.

"இனி இஞ்சினுக்கு ஒரு குறையும் வராது எண்டு மாமாட்டச் சொல்லும்" என்றார் என் கணவர். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரிக்காமல்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முதல் ஒரு மணித்தியாலம் ஐயா போட்டின் இரண்டு விளிம்பையும் பிடித்த பிடி விடவில்லை. மிதவை அங்கிக்குள் கழுத்து புதைந்து, கண் மட்டும் வெளியே தெரிந்தது. கொக்கிளாயைத் தாண்டிய பிறகு ஒரு கையை விட்டார். புல்மோட்டைக்கு நேரே வந்தபோது மற்றக் கையையும் விட்டு, பேத்தி உரித்துக் கொடுத்த தோடம்பழத்தைச் சாப்பிட்டார். சத்தி வரவில்லை. அந்தப் பெருமையில் வாய் திறந்தது.

"இது என்ன, வரம்பில்லாத காணியா இருக்கு. போட்ட வலையைத் திரும்ப எப்பிடிக் கண்டுபிடிக்கிறது எண்டு கேள்."

என் கணவர் சொன்னதை நான் ஐயாவுக்குச் சொன்னேன். கரையில் இருக்கும் இரண்டு பொருளை ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரும்படி பார்த்து வைப்பார்கள். வேதக் கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் நிற்கும் பனையும் ஒரு கோட்டில் வந்தால் அது ஓர் அடையாளம். இன்னொரு பக்கத்தில் போன் கோபுரமும் மீன் அடைக்கும் ஐஸ் வாடிக் கூரையும் ஒரு கோட்டில் வந்தால் அது மற்ற அடையாளம். இரண்டு கோடும் எந்த இடத்தில் வெட்டுகிறதோ அந்த இடத்தில் வலை கிடக்கும். கருவி ஒன்றும் வேண்டாம், கண் போதும்.

ஐயா கரைப் பக்கம் ஒருக்கால் திரும்பிப் பார்த்தார். "நல்ல மூளைதான் எண்டு சொல்லு" என்றார்.

அந்த ஒன்பது வருடத்தில் மருமகனைப் பற்றி ஐயா சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் நான் கொண்டுபோய்க் கொடுத்தது அதுதான் முதல் தடவை. என் கணவர் தேவையில்லாமல் இஞ்சினைக் கூட்டினார். போட் துள்ளியது.

கோணேசர் மலை வந்தபோது நான் ஒன்றும் சொல்லாமலே என் கணவர் வேகத்தைக் குறைத்தார். ஐயா எழும்பி நின்று, தலைக்கு மேலே கை கூப்பிக் கும்பிட்டார். கடலில் நின்று கோயிலைப் பார்ப்பது வேறு. படியேறிப் போனால் சனத்துக்குள் சாமியைத் தேட வேண்டும், இங்கே மலை முழுவதும் சாமியாக நிற்கிறது. ஐயாவின் கண் கலங்கியது. அவர் ஆடி விழாமல் இருக்க என் கணவர் பின்னால் இருந்து அவருடைய அங்கியின் பட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஐயாவுக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை.

மலையைச் சுற்றித் துறைமுகத்துக்குள் நுழைந்ததும் எங்கள் நால்வருக்கும் கண் போதவில்லை. ஒரு பக்கம் சீமெந்துக் கப்பல், இன்னொரு பக்கம் கோதுமைக் கப்பல். அவற்றுக்கிடையில் இழுவைப் படகுகள், கடற்படைப் படகுகள், சனம் ஏற்றும் படகுகள், எங்களைப் போல வாய் பார்க்க வந்த படகுகள். எல்லாம் எங்கேயோ அவசரமாகப் போய்க்கொண்டிருந்தன. பாரந்தூக்கிகள் தலைக்கு மேலே சுழன்றன. எங்கள் கரையில் காலையில் ஒரு காகம் கத்தினால் அதுவே செய்தி. இங்கே ஒரு சங்கு ஊதி முடிவதற்குள் இன்னொன்று ஊதியது. நடுவில் ஒரு சிவப்புக் கப்பல் நங்கூரம் போட்டு நின்றது.

"இதுக்குள்ள எங்கட பரந்தன் சந்தியைக் கடைகளோட தூக்கி வைக்கலாம்" என்றார் ஐயா.

"பஸ்ஸையும் வைக்கலாமோ அம்மப்பா?" என்று கேட்டாள் மகள்.

"பஸ்ஸின்ர கதையை இப்ப எடுக்காதை பிள்ளை."

வடிவாகப் பார்க்கட்டும் என்று என் கணவர் இஞ்சினை நிறுத்தினார். அதுதான் பிழை. நாலு மணித்தியாலம் ஓடிய போட்டில் வராத சத்தி, நின்ற போட்டில் வந்தது. ஓர் இழுவைப் படகு பக்கத்தால் போனது, அலை வந்து எங்களை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று ஆட்டியது, டீசல் மணம் வேறு. ஐயா விளிம்பைப் பிடித்துக் குனிந்தார். தோடம்பழம் போனது. காலைச் சாப்பாடு போனது. கடைசியாக, 'க்ளக்' என்று ஒரு சத்தத்தோடு மேல்வாய்க் கட்டுப்பல்லும் போனது.

நான் அதைக் கண்ணால் கண்டேன். இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக, ஒரு சிரிப்பு மட்டும் தனியாகக் கழன்று தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஐயா நிமிர்ந்தார். ஐந்து மாதத்துக்கு முன்தான் கட்டிய பல். பக்கத்தில் கிடந்த துவாயை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். மகள் சிரிக்கத் தொடங்கினாள், நான் அவளுடைய தொடையில் கிள்ளினேன். அதற்குள் துறைமுகக் காவல் படகு ஒன்று வந்து, இங்கே நிற்கக்கூடாது, எடு எடு என்று கையைக் காட்டியது.

என் கணவர் எழும்பி நின்றார். ஒரு தடவை வலது பக்கம் பார்த்தார், ஒரு தடவை இடது பக்கம் பார்த்தார். "இந்தப் பக்கம் நாலு பாகம்தான் ஆழம். இடத்தைப் பிடிச்சிட்டன். யோசிக்க வேண்டாம் எண்டு மாமாட்டச் சொல்லும்" என்று இஞ்சினை இழுத்தார். கடலட்டை பிடிக்க மூழ்கிக் குளித்த ஆள் அவர். நாலு பாகம், அதாவது இருபத்துநாலு அடி, அவருக்கு வீட்டு முற்றம் மாதிரி.

சின்னப் படகுகள் கட்டும் இறங்குதுறையில் எங்களை இறக்கிவிட்டு, அங்கே தெரிந்த ஒரு மீன்பிடிக்காரரிடம் கண்ணாடி முகமூடி ஒன்று இரவல் வாங்கினார். திரும்பப் போட்டில் ஏறப்போனபோது ஐயா துவாய்க்குள்ளால் ஏதோ சொன்னார். பல்லில்லாத வாயும் துவாயும் சேர்ந்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்றாம் தரம் கேட்டபோதுதான் புரிந்தது. விழுந்த இடம் தனக்கும் தெரியுமாம், தானும் வருகிறாராம்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எனக்கே என்னுடைய துணிவை நம்ப முடியவில்லை.

"போயிட்டு வாங்கோ ஐயா. பிள்ளைக்குப் பசிக்குது, நான் இஞ்ச நிக்கிறன்" என்றேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். பள்ளிக்கூட முதல் நாளில் தாய் கையை விட்டதும் பிள்ளைகள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பல் கிடைக்காவிட்டால் ஐயா இனி எங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். வார்த்தை தடித்தால் என் கணவரும் இனி 'இடமிருக்கு' என்று சொல்லமாட்டார். இருந்தும் நான் மகளுக்கு பிஸ்கற் பைக்கற்றைப் பிரிப்பது பெரிய வேலை போலக் குனிந்துகொண்டேன். போட் போய்விட்டது.

கத்தினால் கேட்காத தூரம், கையைக் காட்டினால் தெரிகிற தூரம். இறங்குதுறை ஓரத்தில் நின்று நாங்கள் பார்த்தோம். போட் போய் ஓரிடத்தில் நின்றது. என் கணவர் வலது பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினார். இடது பக்கம் திரும்பினார். பிறகு இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

எனக்கும் அப்போதுதான் விளங்கியது. சிவப்புக் கப்பலைக் காணவில்லை. அதை இரண்டு இழுவைப் படகுகள் துறைமுக வாசல் பக்கமாக இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. என் கணவர் ஓர் அடையாளத்துக்குக் கரையில் தெரிந்த ஒரு கோபுரத்தையும் வெளிச்சக் கம்பத்தையும் பிடித்திருக்கிறார், சரி. மற்ற அடையாளத்துக்குப் பிடித்தது சிவப்புக் கப்பலின் மூக்கை. எங்கள் கரையில் கோயில் நகராது, பனை நகராது, ஐஸ் வாடி நகராது. இருபது வருடமாக நகராத பொருள்களையே பார்த்துப் பழகிய கண். கப்பல் என்றால் போகும் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை.

போட்டில் ஐயா எழும்பி நின்றார். துவாயைத் தோளில் எறிந்தார். கையை நீட்டி ஏதோ சொன்னார். என் கணவர் வேறு பக்கம் கையை நீட்டினார். ஐயா இரண்டு கையையும் விரித்து, வயலில் தண்ணீர் மறிக்கிறவனோடு நிற்பது போல நின்று கதைத்தார். என் கணவரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பதில் சொன்னார்.

"அம்மா, அம்மப்பா அப்பாவோட கதைக்கிறார்" என்றாள் மகள்.

"ஓம்."

"நீங்கள் இல்லாமலோ?"

"ஓம் பிள்ளை. நான் இல்லாமல்தான்."

சண்டை பிடிக்கிறார்கள் என்று தெரிந்தும் எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதற்குள் அந்தக் காவல் படகு திரும்ப வந்துவிட்டது. துறைமுகத்துக்குள் முகமூடியோடு ஓர் ஆள், கையை வீசும் ஒரு கிழவர் என்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும். படகிலிருந்தவர் ஒலிபெருக்கியில் சிங்களத்தில் அதட்டினார். அந்தச் சத்தம் மட்டும் எங்களுக்குக் கேட்டது. ஐயா முன்னால் வந்து, அந்த மனுசனுக்கு நேரே வாயை ஆவென்று திறந்து, விரலால் மேல்வாயையும் தண்ணீரையும் மாறி மாறிக் காட்டினார். காவல் படகில் இருந்த மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பிறகு போகவில்லை. மற்றப் படகுகள் கிட்ட வராதபடி வட்டமடித்துக் காவல் நின்றார்கள்.

நாலாவது தரம் மூழ்கி எழும்பியபோது என் கணவரின் கை உயர்ந்து நின்றது. மகள் அங்கேயே துள்ளினாள். இறங்குதுறையில் நின்ற, எங்களுக்குத் தெரியாத சனமெல்லாம் என்ன கிடைத்தது என்று தெரியாமலே கைதட்டியது.

போட் வந்து சேர்ந்ததும் என் கணவர் பல்லைக் காட்டுவதற்கு முன் என்னிடம் ஓடி வந்தார். தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"மாமா என்னைப் பேசிப்போட்டார்" என்றார். பரிசு வாங்கிய பிள்ளையின் முகம். "நேர பேசினவர். 'போற கப்பலை ஆராவது அடையாளம் வைப்பானோடா, விசரா' எண்டு கேட்டவர். எனக்கு!"

பிறகுதான் மிச்சக் கதை வந்தது. என் கணவரிடம் ஒரு கோடு மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அந்தக் கோட்டில் எந்த இடம் என்று தெரியாது. ஐயா குனிந்து சத்தி எடுத்தபோது எதிரே ஒரு மிதவையில் நீர்க்காகம் ஒன்று செட்டை விரித்துக்கொண்டு இருந்ததைப் பார்த்திருக்கிறார். மிதவைக்கும் தனக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று கேட்டால், கண்டாவளை வீட்டுக் கிணற்றடியிலிருந்து மாட்டுக் கொட்டில் வரைக்கும் என்று அடித்துச் சொன்னாராம். நாற்பது வருடம் காணி அளந்த கண். என் கணவருக்கு அந்தக் கிணறும் தெரியாது, கொட்டிலும் தெரியாது. அதற்குத்தான் அவ்வளவு சண்டை. கடைசியில் ஐயாவே, "அங்கால போ, இன்னும் அங்கால, நில்" என்று போட்டை நிறுத்தியிருக்கிறார்.

பல் கிடைத்தது, ஆனால் ஐயா அதை வாயில் வைக்கவில்லை. துறைமுகச் சேற்றில் கிடந்ததை வீட்டில் போய்ச் சுடுதண்ணீரில் அவித்த பிறகுதான் வைப்பாராம். லேஞ்சித் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பட்டணத்துக் கடையில் நாங்கள் கொத்துரொட்டி சாப்பிட, அவர் இரண்டு ஐஸ்கிறீம் சாப்பிட்டார். மகள் தானும் பல்லைக் கழற்றப்போவதாகச் சொன்னாள்.

திரும்பி வரும்போது இருக்கிற இடம் மாறியிருந்தது. நானும் மகளும் முன்னால், ஐயா பின்னால் இஞ்சினடியில், என் கணவருக்குப் பக்கத்தில். கொக்கிளாய் வரைக்கும் ஐயா கதைத்துக்கொண்டே வந்தார். இஞ்சின் இரைச்சலில், பல்லில்லாத வாயில், எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கடலில் இரைச்சலுக்குள் வாயைப் பார்த்தே கதை பிடித்துப் பழகிய என் கணவருக்கு எல்லாம் விளங்கியது. அவர் தலையாட்டினார், சிரித்தார், ஒரு தடவை கையை நீட்டி எதையோ மறுத்தார். நான் சும்மா இருந்தேன். வேலையில்லாமல் இருப்பது இவ்வளவு சுகமா என்று நினைத்தேன். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கரை தெரியத் தொடங்கிய நேரம் என் கணவர் இஞ்சினைக் குறைத்தார்.

"இஞ்சாரும். மாமா உம்மட்டச் சொல்லட்டாம்."

"என்னவாம்?"

"கலியாணத்துக்கு வராம விட்டது தன்ர பிழையாம்."

நான் உடனே நம்பவில்லை. இடையில் நிற்கிற ஆள் என்னென்ன செய்வார் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? "அவர் அப்பிடியே சொன்னவரோ, நீங்கள் சேர்த்ததோ?" என்று கேட்டேன்.

"ஒரு சொல்லும் சேர்க்கேல்ல" என்றார் அவர். "குறைச்சனான். முழுக்கச் சொன்னா நீர் அழுவீர்."

நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் பழையபடி துவாயால் வாயைப் பொத்தியிருந்தார். கண்ணைப் பொத்த அவரிடம் இன்னொரு துவாய் இருக்கவில்லை.